எதிர் டீமாக இருந்தவள்

"அம்மா, நீ டீம்ல இருந்தியா, இல்லியா?"

போன வாரம் என் மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. இருந்தேன் என்று சொன்னால் பொய் இல்லை. இல்லை என்று சொன்னாலும் பொய் இல்லை. "போய் கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் எங்கள் பழைய பி.டி. மிஸ். நான் ப்ளஸ் டூ படித்த பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. அன்று மாலை ஆம்பூரில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். காபி குடித்தார். எட்டாவது முடித்து லீவில் இருக்கும் என் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கிளம்பும்போது அவள் கன்னத்தைத் தட்டி, "உங்கம்மாவும் நம்ம டீம்தான் கண்ணு. அவ இல்லன்னா அந்த வருஷம் கப்பே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் நேராகப் போய் பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் தேடினாள். "கப்பு எங்க? சர்டிஃபிகேட் எங்க? ஒரு ஃபோட்டோ கூடவா இல்ல?" என்றாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

என் கணவரிடம்கூட நான் இதை முழுதாகச் சொன்னதில்லை. அவர் ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறார். விளையாட்டு என்றால் அவருக்கு டிவியில் வரும் கிரிக்கெட்தான். மகளை மிஸ் கேட்டபடி அவருடைய ஹாஸ்டல் டீமுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று பள்ளி திறப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மிஸ் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அதுவும் ஒரு கோடை விடுமுறைதான். நான் பத்தாவது பாஸ் செய்திருந்தேன். என் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பாலாற்றங்கரை ஓரமாக இருந்த ஷாப்புகளில் ஒன்று. பெண்பிள்ளை பத்தாவது முடித்தால் ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்கு அனுப்புவது எங்கள் தெருவில் வழக்கம். எனக்கும் ஒரு மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

மிஸ் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியாது. ஏதோ கல்யாணத்தில் என்னைப் பார்த்த யாரோ ஒசரமாக ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"எழுந்து நில்லும்மா."

நின்றேன்.

"கைய மேல தூக்கு."

தூக்கினேன். கை எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே போனது. மிஸ் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"வாலிபால் ஆடி இருக்கியா?"

"இல்ல மிஸ்."

"பரவால்ல. சொன்னத செய்வியா?"

"செய்வேன் மிஸ்."

"போதும்" என்றார்.

அப்பா கதவோரம் நின்றபடி, "ஆட்டமெல்லாம் நமக்கு எதுக்கு மேடம்? கை கால் ஒடஞ்சா நாளைக்கு யாரு கட்டுவாங்க?" என்று கேட்டார்.

"ப்ளஸ் டூ முடியற வரைக்கும் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் நாங்க பாத்துக்கறோம் அய்யா. நல்லா ஆடினா மாவட்ட டீம்ல போடுவாங்க. அதுல ஆடினா டீச்சர் ட்ரெயினிங்ல ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு. பொண்ணு டீச்சராயிடும்."

டீச்சர் என்ற சொல் அன்றைக்கு எங்கள் வீட்டில் விழுந்த விதத்தை நான் மறக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கறி போடுவாங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். மிஸ் சிரித்து, "ஞாயித்துக்கெழம போடுவோம்மா" என்றார். அதோடு முடிந்தது. ஷூ கம்பெனி மேஸ்திரிக்கு வேறு ஒரு பெண் கிடைத்தாள்.

ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் அணி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். எங்கள் பள்ளிக்கு அந்த ஆறு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். சேலம் பக்கத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் மிஸ் பஸ் ஏறிப் போய், அவர்கள் வீட்டில் இரண்டு மூன்று முறை பேசி அழைத்து வந்த பெண்கள். அவர்களுக்கு வேறு பள்ளிகளும் வலை வீசின. ஆனால் ஆறு பேர் தனியாகப் பயிற்சி செய்ய முடியாது. வலைக்கு அந்தப் பக்கம் யாராவது நிற்க வேண்டும். பந்தை அடிக்க வேண்டும், அடித்த பந்தை எடுக்க வேண்டும், வேண்டியபோது தோற்க வேண்டும்.

அங்கே நிற்கத்தான் நாங்கள். இரண்டாவது ஆறு.

ஓரளவு பேர் வாங்கிய ஆட்டக்காரி யாரும் இரண்டாவது ஆறில் நிற்க வர மாட்டாள். வேறு பள்ளியில் முதல் ஆறில் ஆடப் போய்விடுவாள். அதனால் மிஸ் எங்களை ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று பக்கத்து ஊர்களிலேயே எடுத்தார். ஒசரம் வேண்டும், வீட்டில் கஷ்டம் வேண்டும், சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். மிஸ் இதை ஒளித்ததே இல்லை. ஒருநாள் மைதானத்தில் வேறொரு பள்ளி ஆசிரியரிடம் எங்கள் காதுபடவே சொன்னார்: "ஆடற பொண்ண தேடறது ஈசி சார், ஊருக்கே தெரியும். இந்த மாதிரி பேச்ச கேக்கற பொண்ணு கெடைக்கறதுதான் கஷ்டம்." அதை நான் பாராட்டு என்று நினைத்து சந்தோஷப்பட்டேன்.

ஹாஸ்டலில் பாதிப் பேரின் அப்பாக்கள் தோல் வேலை. அதனால் எங்களுக்கு வைத்த பேரும் அங்கிருந்தே வந்தது. ஷூவுக்கு வெளியில் தெரிகிற தோலை அப்பர் என்பார்கள். உள்ளே வைத்துத் தைக்கிற மட்டத் தோல் லைனிங். முதல் ஆறு அப்பர், நாங்கள் லைனிங். "லைனிங்கெல்லாம் பந்து பொறுக்க வாங்கடி" என்று கூப்பிடுவார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டேதான் போவோம். எங்களுக்குள்ளேயே, "நேத்து அப்பருக்கு நல்லா ஈடு குடுத்தோம் இல்ல?" என்று பேசிக்கொள்வோம்.

காலைப் பயிற்சி முடிந்ததும் அப்பருக்கு அவித்த முட்டையும் பாலும். லைனிங்குக்குப் பால் மட்டும். அணியின் லிஃப்டர், அதாவது அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், என் அறைத் தோழி. அவள் சில நாள் முட்டையைக் கைக்குட்டையில் மறைத்துக் கொண்டுவந்து வெள்ளையைப் பிட்டு எனக்குத் தருவாள். "மஞ்ச எனக்கு. நான்தான ஆடறேன்" என்பாள். அவள் கெட்டவள் இல்லை. அந்த வயதில் யாருக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை.

முதல் வருடம் அப்படிப் போனது. எனக்கு ஆட்டம் வந்தது. நிஜமாகவே வந்தது. ஓடி வந்து எழும்பி வலது கையால் அடித்தால் பந்து வலையை உரசிக்கொண்டு நேராக இறங்கும். மிஸ்கூட ஒருமுறை விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பரவால்லியே" என்றார். மாவட்ட அணிக்குத் தேர்வு வருடத்துக்கு ஒருமுறை வேலூரில் நடக்கும். எந்தப் பள்ளிப் பெண்ணும் போகலாம். ப்ளஸ் டூ வருடத்தில் நான் போவது என்று முடிவாகியிருந்தது. முதல் ஆறில் எனக்கு இடமில்லை என்பது தெரியும். ஆனால் மாவட்ட அணியில் பன்னிரண்டு பேர். அதில் கடைசி இடம் கிடைத்தாலும் கோட்டாவுக்கு அது போதும். அப்பா மாதம் ஒருமுறை பார்க்க வருவார். "செலக்‌ஷன் எப்பம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பிறகுதான் சாப்பிட்டியா என்பார்.

ப்ளஸ் டூ வருடத்தில் மிஸ் வெளியூரில் ஒரு போட்டியைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பினார். பள்ளிகளுக்கு இடையிலான பெரிய போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டம்வரை போனால் டெல்டா பக்கத்துப் பள்ளி ஒன்றைத்தான் சந்திக்க வேண்டும். அந்த அணியில் ஒரு இடது கைக்காரி. அவள் அடிக்கிற பந்தை யாராலும் எடுக்க முடியவில்லை. வலது கைக்காரிகள் அடிப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவள் பந்து எங்கே போகிறது என்றே தெரிவதில்லை என்றார்.

மறுநாள் காலை எங்களை, இரண்டாவது ஆறை, வரிசையாக நிறுத்தினார். அந்த அணியின் ஆட்டக்காரி ஒவ்வொருத்தியையும் எங்களில் ஒவ்வொருத்திக்குக் கொடுத்தார். "நீ அவங்க லிஃப்டர். எப்பவும் பின்னாடிதான் தூக்குவா, நீயும் அப்படியே தூக்கு." "நீ அந்தக் குண்டுப் பொண்ணு. சர்வீஸ் மெதுவா போடு." என்னிடம் வந்து நின்றார்.

"நீதான் இவங்கள்ல ஒசரம். நீ அந்த இடது கை."

"மிஸ், எனக்கு வலது கை."

"தெரியும். இன்னிலேர்ந்து இடது."

சொன்னதைச் செய்தேன். வலது கையை இடுப்புத் துணியில் செருகிக்கொண்டு அடிக்கச் சொன்னார். கையை மட்டும் மாற்றினால் போதாது. ஓடி வருகிற காலடி மாற வேண்டும், கடைசியாக ஊன்றுகிற கால் மாற வேண்டும், தோள் திரும்புகிற பக்கம் மாற வேண்டும். முதல் சில வாரம் பந்து எங்கெங்கோ போனது. அப்பர் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இன்னாடி, ஈ ஓட்டறியா?" என்றாள் என் தோழி. ராத்திரி தோளில் எண்ணெய் தேய்த்து விட்டதும் அவள்தான்.

பிறகு வந்துவிட்டது. எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்தால் வந்துவிடும். அதுதான் என் கெட்ட நேரம். இடது கையால் குறுக்கே அடிக்கவும், கடைசி நொடியில் மணிக்கட்டை மடக்கி ஓரத்தில் போடவும் கற்றுக்கொண்டேன். மிஸ் கோட்டோரம் நின்று திருத்துவார். "அவ எழும்பறதுக்கு முன்னாடி தலைய லேசா சாய்ப்பா. சாய். இன்னும் கொஞ்சம். ஆங், அவளேதான்." நான் பார்த்தே இராத ஒரு பெண்ணாக இருப்பதற்கு எனக்குக் கிடைத்த பாராட்டு அது. ஹாஸ்டலில் என் பேரே போய்விட்டது. எல்லோரும் லெஃப்ட்டு என்றார்கள். வார்டனம்மாகூடச் சாப்பாட்டு ஜெபம் முடிந்ததும், "லெஃப்ட்டு, அந்தக் கொழம்புச் சட்டிய இங்க தள்ளு" என்பார்.

முதலில் என் பந்து ஒன்றைக்கூட எடுக்க முடியாத அப்பர், போகப் போகப் பாதியை எடுத்தார்கள். பிறகு பாதிக்கு மேல். நான் நன்றாக அடிக்க அடிக்க அவர்கள் நன்றாக எடுத்தார்கள்.

மாவட்டத் தேர்வு நெருங்கியது. இறுதிப் போட்டிக்கு முன்பே தேர்வு வந்துவிட்டது. நான் மிஸ் அறைக்குப் போனேன். அறைக்கு வெளியில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"மிஸ், செலக்‌ஷன் வரைக்கும் வலது கைல அடிக்கட்டுமா? கொஞ்ச நாள்தான் மிஸ். முடிஞ்சதும் திரும்ப மாத்திக்கறேன்."

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நினைத்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"நடுவுல மாத்தினா ரெண்டும் கெட்டுப்போய்டும்மா. இவங்களுக்கு இப்பதான் கண்ணு பழகி இருக்கு. ஃபைனல் முடியட்டும். உனக்கு வலது கை எங்க போய்டப் போவுது? பொறந்ததுலேர்ந்து இருக்கறதுதான?"

"சரி மிஸ்" என்று வந்துவிட்டேன்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன். மறுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். மறுத்திருந்தால் அடுத்த வாரமே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். ப்ளஸ் டூ பாதியில் நின்றிருக்கும். அல்லது நின்றிருக்காதோ? மிஸ் அவ்வளவு மோசமானவர் இல்லையோ? ஒருவேளை, "சரி, போ" என்று சொல்லியிருப்பாரோ? தெரியாது.

தேர்வு நாளன்று வேலூர் மைதானத்தில் வெயில். அப்பா லீவு போட்டுவிட்டு வந்து வேலிக்கு வெளியில் நின்றிருந்தார். எங்கள் பள்ளியிலிருந்து பத்துப் பேருக்கு மேல் போயிருந்தோம். அப்பர் பெண்களுக்கு அது வெறும் சடங்கு. தேர்வாளர்களுக்கு அவர்களை ஏற்கெனவே தெரியும். எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அந்த ஒரு நாள்.

ஆளுக்கு நாலைந்து பந்து. என் முறை வந்தது. பந்து மேலே போனது. வலது கையால் அடிக்க வேண்டும் என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் கால் என்னைக் கேட்கவில்லை. மாதக்கணக்கில் பழகிய காலடியில் ஓடியது, இடது கைக்காரி ஊன்றுகிற காலை ஊன்றியது. எழும்பிய பிறகு உடம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பந்து வலையின் அடியில் போய் விழுந்தது.

அடுத்ததும் அப்படியே.

மூன்றாவது பந்துக்கு என்னையறியாமல் தலையைச் சாய்த்தேன். இடது கை தானாகப் போனது. பந்து குறுக்கே போய் மூலையில் விழுந்தது. நல்ல அடி. யாரோ கைதட்டினார்கள்.

தேர்வாளர்களில் ஒருவர் கிட்டே வந்தார். "லெஃப்ட் ஹேண்டாம்மா நீ?"

"இல்ல சார்."

"அப்ப ஏன் அதுல அடிச்ச?"

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். தேர்வாளருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டடி தூரம்கூட இல்லை. அவர் சொன்னால் ஒரு வாக்கியம்தான். நான்தான் இவளை இப்படிப் பழக்கினேன், இன்னொரு நாள் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

"இன்னா மேடம், பொண்ணுக்கு எந்தக் கைன்னே தெரியலயே" என்றார் தேர்வாளர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார்.

மிச்சப் பந்துகளை எந்தக் கையால் அடித்தேன் என்று நினைவில்லை. வெளியில் வந்தபோது அப்பா ஒரு சோடாவை உடைத்து வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஆட்டம் புரியாது. "கைய மாத்தி மாத்தி அடிச்சியே, அதுக்கு மார்க் ஜாஸ்தி இல்ல?" என்று கேட்டார்.

"தெரியல நைனா" என்றேன்.

இறுதிப் போட்டிக்கு நான் போனேன். பெஞ்சில். அங்கேதான் அந்த இடது கைக்காரியை முதன்முதலாகப் பார்த்தேன். கருப்பாக, என்னைவிடக் கொஞ்சம் குள்ளமாக, இரட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்டியிருந்தாள். எழும்புவதற்கு முன் தலையை லேசாகச் சாய்த்தாள். மிஸ் சரியாகத்தான் கவனித்திருந்தார். என் தலையை யாரோ எடுத்து வைத்திருப்பது போல இருந்தது. நான்தான் அவளுடையதை எடுத்திருந்தேன் என்பது அப்போது தோன்றவில்லை.

அவள் அடித்த முதல் பந்தை எங்கள் பின்வரிசைப் பெண் நின்ற இடத்திலிருந்தே எடுத்தாள். இரண்டாவதையும் எடுத்தாள். மணிக்கட்டை மடக்கி ஓரத்தில் போட்டபோது என் தோழி ஏற்கெனவே அங்கே போய் நின்றிருந்தாள். அந்தப் பெண்ணின் முகம் மாறிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். அடி ஒவ்வொன்றும் திரும்பி வர வர அவள் பலமாக அடித்தாள், வெளியில் அடித்தாள். கடைசியில் அவளுக்குப் பந்து தூக்கிக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் ஜெயித்தோம்.

நாங்கள் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் ஃபோட்டோ எடுத்தார்கள். பைகளையும் பந்துக் கூடையையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார் மிஸ். என்னைத்தான் சொல்லப்போகிறார் என்று தெரியும். அவர் சொல்வதற்கு முன்பே நான் போய்ப் பைகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

பிறகு தண்ணீர்க் குழாயில் அந்த இடது கைக்காரி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என் சட்டையில் பள்ளியின் பேரைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, உங்காளுங்க என் பந்த எல்லாம் முன்னாடியே பாத்த மாதிரி எடுத்தாங்களே. எப்டிங்க?"

"நல்லா ப்ராக்டீஸ் பண்ணாங்க" என்றேன்.

"நீங்க ஆடலியா?"

"இல்ல."

"என்ன, புதுசா?" என்றாள் இரக்கத்தோடு. அவள் அழுதிருந்தாள். அந்த நிலையிலும் எனக்காக இரக்கப்பட்டாள்.

மாவட்ட அணியில் எங்கள் பள்ளிப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். என் தோழி அவர்களில் ஒருத்தி. அவளுக்கு மேலே மேலே வாய்ப்பு வந்தது. இப்போது ரயில்வேயில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. எனக்குக் கோட்டா இல்லை, மார்க்கும் டீச்சர் ட்ரெயினிங்குக்குப் போதவில்லை. காலையும் மாலையும் மைதானத்தில் நின்றவளுக்கு எங்கிருந்து மார்க் வரும்? தபால் வழியில் பி.ஏ. முடித்தேன். கல்யாணம் ஆனது. பிள்ளை பிறந்தது. தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அவர்கள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

வலது கையிலேயே ஆடியிருந்தால் மட்டும் எடுத்திருப்பார்களா? அதுவும் தெரியாது. நான் நடுத்தரமான ஆட்டக்காரியாகவே இருந்திருக்கலாம். அன்றைக்கு அந்த மைதானத்தில் என்னைப் போல எத்தனையோ ஒசரமான பெண்கள் நின்றார்கள். ஆனால் என்னுடைய நடுத்தரம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. தோற்றதைக்கூட நான் இன்னொருத்தியாகத்தான் தோற்றேன். இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. எங்கள் தெருவில் ப்ளஸ் டூ முடித்த முதல் பெண் நான். இரண்டு வருடம் வயிறாரச் சாப்பிட்டேன். மிஸ் தன் காசில் எனக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டார். கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருக்கும்.

போன வாரம் அவர் வந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. வேறு ஒரு பள்ளியில் இருக்கிறார், அங்கேயும் ஹாஸ்டல் அணி இருக்கிறது. மகளை, "கைய தூக்கு கண்ணு" என்றார். அவள் குதித்துக்கொண்டே தூக்கினாள். நான் அடுப்படி வாசலில் நின்றேன்.

மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கேட்டேன். இத்தனை வருடம் கழித்தும் மிஸ் முன்னால் என் குரல் இறங்கித்தான் வந்தது.

"மிஸ், இவ மொத ஆறுக்கா, ரெண்டாவது ஆறுக்கா?"

அவர் காபியை ஆற்றினார். "பொய் சொல்ல மாட்டேன்மா. மொத ஆறுக்குப் பொண்ணுங்க இருக்காங்க. இவ உன்ன மாதிரியே இருக்கா. ஒசரம். பேச்ச கேக்கறா. உன்ன மாதிரி ஒருத்தி கெடைக்க மாட்டாளான்னு நான் எத்தன வருஷமா தேடறேன் தெரியுமா?"

"அந்த செலக்‌ஷன் ஞாபகம் இருக்கா மிஸ்?"

"எந்த செலக்‌ஷன்?"

நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான், "ஒண்ணுமில்ல மிஸ், இன்னும் கொஞ்சம் சக்கர போடட்டுமா?" என்றேன்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "அனுப்பேன். ஃபீஸ் இல்லன்றாங்க, நல்ல ஸ்கூல்ன்றாங்க. இங்க இருந்து இன்னா பண்ணப் போறா, டிவி பாத்துக்கினு?" என்றார்.

"ரெண்டாவது டீம்லதாங்க வெப்பாங்க."

"எல்லாரும் மொத டீம்ல இருக்க முடியுமா? எங்க கம்பெனில நான் இன்னா மேனேஜரா? போய்ட்டு வர்றேன், சம்பளம் வருது. நீ எதுக்கு எல்லாத்துக்கும் பேஜார் பண்ணிக்கற?"

அவர் சொல்வதில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அவரை யாரும் மாதக்கணக்கில் இன்னொருவராக நடக்கச் சொன்னதில்லை.

மகளிடம் பாதிக் கதையைச் சொன்னேன். இடது கையால் அடித்ததை மட்டும். தேர்வைச் சொல்லவில்லை. அவள் கண்ணை விரித்துக் கேட்டுவிட்டு, "சூப்பர்மா, அப்ப உனக்கு ரெண்டு கையும் வருமா? எனக்கும் சொல்லிக் குடு. மிஸ் இன்னா சொன்னாலும் செய்வேன்" என்றாள்.

மிஸ் என்ன சொன்னாலும் செய்வேன். அவளுக்கு இதைக் கற்றுக் கொடுத்தது மிஸ் இல்லை. நான்தான். பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசக்கூடாது, டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று பால்குடி மறந்ததிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறேன். எனக்கு வேறு விதமாக வளர்க்கத் தெரியாது. அக்கம்பக்கத்தில் எல்லோரும், "பொண்ண நல்லா வளத்திருக்க" என்கிறார்கள். மிஸ்ஸும் அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

அனுப்பாமல் வைத்துக்கொண்டால், அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஒன்றை என் பழைய ஆற்றாமைக்காக நான் பறித்துவிட்டேன் என்றாகும். ஒருவேளை அவள் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரியாக இருந்தால்? அனுப்பினால், ஒருநாள் அவளும் ஒரு அறை வாசலில் நின்று சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். உள்ளே போய், "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டு வருவாள்.

இதைப் படிக்கிற உங்களில் பிள்ளைகளை இப்படி ஹாஸ்டல் அணிகளுக்கு அனுப்பியவர்கள் இருப்பீர்கள். இரண்டாவது ஆறில் நின்றவர்களும் இருப்பீர்கள். அனுப்பலாமா வேண்டாமா என்று சொல்லுங்கள். அனுப்பலாம் என்றால் இன்னொன்றையும் சொல்லுங்கள். பதின்மூன்று வருடம் பேச்சைக் கேள், பேச்சைக் கேள் என்று வளர்த்த பிள்ளைக்கு, எந்த இடத்தில் கேட்கக்கூடாது என்று பள்ளி திறப்பதற்குள் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அந்த இடம் வரும்போது அது அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.